ஒரு தட்டுக்கு இருவர்

கெய்ன்ஸ் கல்லூரியில் முதலில் எழுந்தது தேவாலயம் அல்ல, சமையலறை. ஆக்ஸ்போர்டின் மற்றக் கல்லூரிக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பசித்த கொத்தனார் கட்டிய சுவர் நேராக நிற்காது என்று நிறுவனர் ஓஸ்பெர்ட் கெய்ன்ஸுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அடுப்புக்கு முதல் கல், ஆண்டவனுக்கு இரண்டாம் கல்.

அந்த அடுப்பை மூட்டியவர் ஹேமோ. சுண்ணாம்புக் கூடை சுமக்க வந்த ஆள் அவர். கொத்தனார்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவன் ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போக, பசியில் கத்திய கூட்டத்தை அடக்க ஹேமோ கரண்டியைக் கையில் எடுத்தார். பட்டாணியும் பன்றிக்கொழுப்பும் போட்டு அவர் கிண்டிய கஞ்சியை நிறுவனர் நின்றபடியே இரண்டு கிண்ணம் குடித்தார்.

"சுண்ணாம்ப வேற எவனாவது சுமக்கட்டும். நீ இங்கயே இரு" என்றார்.

அவ்வளவுதான் வேலை நியமனம். அதன் பிறகு ஹேமோ அந்த அடுப்பை விட்டு நகரவில்லை.

ஓஸ்பெர்ட் ஒரு பேராலயக் குரு. ஆட்டு ரோமத்தில் செல்வம் சேர்த்த குடும்பம். இளமையில் இதே ஊரில் படித்தவர். வட இங்கிலாந்து மாணவர்களும் தென் இங்கிலாந்து மாணவர்களும் தெருவில் கத்தியால் குத்திக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவர். "படிச்சவன் சண்டை மாதிரி மோசமான சண்டை கெடையாது. குத்திட்டு, குத்தினதுக்குக் காரணமும் சொல்வான்" என்பார். ஆகவே கல்லூரிக்கு நிலம் எழுதிக்கொடுத்த பத்திரத்தில் வேறு எந்தக் கல்லூரியிலும் இல்லாத ஒரு விதியைச் சேர்த்தார். தான் இறக்கும் நாளின் ஆண்டு நினைவில், கல்லூரி ஆசிரியர்களில் குறைந்தது இருவராவது கூடத்தில் அமர்ந்து ஒரே தட்டில் உண்ண வேண்டும். இறந்த கொடையாளர்களின் பெயர்களை வாசிக்க வேண்டும். புதிய ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பதும் அந்தப் பந்தியில்தான். ஒரு வருடம் தவறினாலும் நிலமும் கட்டடமும் கெய்ன்ஸ் குடும்பத்துக்கே திரும்பிவிடும்.

எழுதும்போது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு ஆசிரியர்கள் இருந்த வீட்டில் சாப்பிட இரண்டு பேர் கிடைக்காமலா போவார்கள்?

இரண்டு பேருக்கு ஒரு தட்டு என்பது ஊரெங்கும் உள்ள வழக்கம்தான். இளையவர் இறைச்சியை வெட்டிப் போடுவார், மூத்தவர் முதல் துண்டை எடுப்பார். ஆனால் யாருக்கு யாரோடு தட்டு என்பதைக் கெய்ன்ஸில் ஹேமோ தீர்மானித்தார். அந்த அதிகாரத்தை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. தட்டு அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான். காலையில் தர்க்கத்தில் அடித்துக்கொண்ட இருவரைப் பார்த்தால், மத்தியானம் அந்த இருவருக்கும் நடுவில் ஒரே தட்டை வைப்பார். அதில் எலும்போடு கூடிய துண்டாகப் பார்த்துப் போடுவார். ஒருவர் பிடித்துக்கொண்டால்தான் மற்றவர் வெட்ட முடியும். மாலைக்குள் பாதிச் சண்டை தீர்ந்திருக்கும். கடவுளைப் பற்றி நூறு கேள்வி கேட்ட அந்த மேதைகளுக்கு, எலும்புத் துண்டு ஏன் எப்போதும் தங்களுக்கே வருகிறது என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை.

கூடத்தில் லத்தீன் தவிர வேறு மொழி பேசக்கூடாது. புதிதாக வந்த பையன்கள் உப்புக்கு லத்தீன் சொல் மறந்து, கையை ஆட்டி ஆட்டிக் காட்டிவிட்டுக் கடைசியில் சப்பென்று தின்பார்கள். ஹேமோ பார்த்தும் பார்க்காதவர் போல நிற்பார். இரண்டாம் வாரத்தில் மாணவனுக்கு அந்தச் சொல் ஆயுளுக்கும் மறக்காது.

ஹேமோவின் மனைவி ஆவிஸ் அதே கல்லூரிக்குத் துணி வெளுத்தாள். வெளுப்பவள் ஆனாலும் பெண், பெண் வாசலைத் தாண்டக்கூடாது என்பது விதி. அழுக்குத் துணியை வாசலில் வாங்கி, வெளுத்ததை வாசலில் கொடுக்க வேண்டும். பின் சந்தில் இருந்த சிறு வீட்டில்தான் குடித்தனம். புருஷன் நாள் முழுக்க வெந்துகொண்டிருக்கும் சமையலறையை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"உங்க கல்லூரிக்குள்ள நாய் போவுது, பூன போவுது. நான் மட்டும் போகக்கூடாதாக்கும்" என்பாள்.

"நாய்க்கும் பூனைக்கும் லத்தீன் தெரியும்டி."

"ஓஹோ. உங்களுக்கு?"

"எனக்கு உப்பு வரைக்கும் தெரியும்."

"அதான் ராத்திரி சந்துக்கு வந்துடுறீங்க. முழுசாத் தெரிஞ்சா அங்கயே படுத்துக்குவீங்க." வாசல் காவலர் ஜோர்டன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். பிள்ளைகள் இல்லாத வீடு. சிரிப்புக்குப் பஞ்சமில்லாமல் இருந்தது.

பிறகு அந்த வருடம் வந்தது. தெற்கே துறைமுகங்களில் தொடங்கிய கொள்ளைநோய் குளிரோடு சேர்ந்து ஆக்ஸ்போர்டுக்குள் நுழைந்தது. அக்குளில் கட்டி கண்டவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்கவில்லை. கெய்ன்ஸில் முதலில் போனவர் கல்லூரித் தலைவர். பிறகு வரிசையாக ஆசிரியர்கள். ஊர்க் கல்லறைகள் நிரம்பிவிட்டதால், கல்லூரித் தோட்டத்திலேயே பேரி மரத்துக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். வெட்டினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. வெட்டியவர் ஒரே ஒருவர், விமண்ட் என்ற மூத்த ஆசிரியர். வானியல் படித்தவர், அதுவரை பேனாவைவிடக் கனமான எதையும் தூக்கியதில்லை. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வடிய ஒவ்வொருவரையும் தோளில் சுமந்துபோய் இறக்கினார், ஒவ்வொருவருக்கும் முழு ஜெபமும் சொன்னார். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் கை கூப்பத் தோன்றுகிறது.

ஆவிஸும் அந்தக் குளிரில்தான் போனாள். விமண்ட் அவளையும் தோட்டத்துக்கே கொண்டுவரச் சொன்னார். ஜோர்டன் விதியை நினைத்துத் தயங்கியபோது, "கதவத் தெற" என்றார்.

ஒருவர் மட்டும் சாகவுமில்லை, புதைக்கவுமில்லை. தர்ஸ்டன் என்ற இளைய ஆசிரியர், தலைவர் இறந்த மறுநாள் விடிவதற்குள், லாயத்திலிருந்த கல்லூரியின் ஒரே கோவேறு கழுதையில் ஏறி ஊரைவிட்டே போய்விட்டார்.

அடுத்த அறுவடை முடிந்து நோய் ஓய்ந்த பிறகு தர்ஸ்டன் அதே கழுதையில் திரும்பி வந்தார். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, ஆள் பாதியாக இருந்தார். வாசலில் ஜோர்டன் காறித் துப்பினார். ஹேமோ சமையலறைக் கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றி வைத்தார். விமண்ட் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மாணவர்கள் நோய்க்காலத்திலேயே சிதறிப்போயிருந்தார்கள். அன்றிலிருந்து கெய்ன்ஸ் கல்லூரி என்பது இரண்டு ஆசிரியர்கள், ஒரு சமையல்காரர், ஒரு வாசல் காவலர். விமண்ட் தன் அறையில் சாப்பிட்டார். தர்ஸ்டன் சமையலறைப் பின்கட்டில் சாப்பிட்டார். ஒருவர் முற்றத்தில் வந்தால் மற்றவர் விலகிப்போவார். நிறுவனரின் நினைவு நாள், நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாளை ஒட்டி வருவது. அது நெருங்கிக்கொண்டிருந்தது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடி, நிறுவனரின் தம்பி மகன் ஃபுல்க். பெரியப்பாவின் பத்திரத்தை அவர் ஜெபப் புத்தகத்தைவிடக் கவனமாகப் படித்திருந்தார். நினைவு நாளுக்கு முந்தின வாரமே வந்து, தோட்டத்தில் நெட்டுக்கும் குறுக்குக்கும் காலால் அளந்து நடந்தார். ஹேமோ அடுப்படியிலிருந்து வெளியே வந்தார்.

"என்னங்கய்யா அளக்கறீங்க?"

"லாயம் கட்டலாம்னு. மண்ணு நல்லாப் பொதுபொதுன்னு இருக்கு, தோண்ட லேசா இருக்கும்."

"அது பொதுபொதுன்னு இருக்கறதுக்குக் காரணம் இருக்குங்க."

"தெரியும், தெரியும். கூடத்துல ஆட்டு ரோமத்த அடுக்கிக்கலாம், நல்ல ஒசரம். பயப்படாத, உன்ன வெளிய அனுப்ப மாட்டேன். எனக்கும் சமைக்க ஆள் வேணும்ல? ஆனா ஒண்ணு, எனக்குத் தனித் தட்டு."

ஃபுல்க் மோசமான மனிதர் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் சட்டப்படி தனக்கு வருவதைக் கேட்டார், அவ்வளவுதான். கல்லூரி போனால் ஆவிஸின் மேல் குதிரை நிற்கும்.

நினைவு நாள் வந்தது. ஹேமோ விடியலிலிருந்து அடுப்படியில். உப்பும் சேஜ் என்ற வாசனை இலையும் தடவிய பன்றித் தொடை, கடுகுச் சாந்து, புதுக் கோதுமை ரொட்டி. கடைசிப் பதார்த்தமாக மாவுக் கிண்ணத்தில் பாலும் முட்டையும் தேனும் ஊற்றிச் சுடுகிற இனிப்பு. நிறுவனருக்குப் பிடித்தது அது. ஃபுல்க் இரண்டு சாட்சிகளையும் தன் எழுத்தரையும் அழைத்துவந்து கூடத்தில் விருந்தினர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மேடையில் இருந்த நீள மேசையில் ஒரே ஒரு தட்டுக்கு இடம் விரித்திருந்தது. தர்ஸ்டன் கை கழுவத் தண்ணீர்க் குடத்தோடு பின்கட்டு வாசலில் நின்றார். விமண்டைக் காணோம்.

ஹேமோ முற்றத்தைக் கடந்து போனார். விமண்ட் மாடிப்படியின் அடியில் உட்கார்ந்திருந்தார்.

"தட்டு வெச்சாச்சுங்கய்யா."

"ஒரு தட்டா, ரெண்டு தட்டா?"

"ஒண்ணுதான். என்னைக்கும் ஒண்ணுதான்."

"அப்ப நான் வரல." விமண்ட் தன் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. "இந்தக் கையாலதான் எல்லாரையும் எறக்கினேன். இத, அவன் தொடுற தட்டுல நனைக்கச் சொல்றியா?"

"கல்லூரியே போயிடும்ய்யா."

"போவட்டும். கல்லும் மண்ணும்தானே."

"மண்ணுக்குள்ள ஆளுங்க இருக்காங்க."

"அவங்க ஆன்மா அங்க இல்ல ஹேமோ. அது ஆண்டவர்கிட்ட இருக்கு."

"ஆன்மா எங்க இருக்குன்னு நீங்க படிச்சிருக்கீங்க. ஆவிஸ் எங்க இருக்கான்னுதான் எனக்குத் தெரியும். பேரி மரத்துக்கு அந்தப் பக்கம். அங்க அந்தாளு குதிரையக் கட்டப்போறான்."

விமண்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ நல்லவன். உன்னால அவனுக்குக் கஞ்சி ஊத்த முடியுது. நான் அவன எவ்வளவு வெறுக்கறேன்னு உனக்குத் தெரியாது."

இந்த இடத்தில்தான் ஹேமோவுக்குப் பொறுமை போயிற்று. அத்தனை வருடம் அந்த வீட்டில் ஆசிரியர் ஒருவர் முன்னால் குரலை உயர்த்தாத மனிதர், முற்றம் அதிரக் கத்தினார்.

"எனக்கா தெரியாது? அந்தக் கழுத யாருக்குன்னு நெனச்சீங்க? தலைவர் செத்த அன்னைக்கு, உயிர் போறதுக்கு முன்னாடி அவர்கிட்டயே கேட்டு வாங்கினேன். விடிஞ்சதும் ஆவிஸ அதுல ஏத்தி அவ அக்கா ஊருக்கு அனுப்பறதா இருந்தேன். மூட்ட கட்டிட்டு வாசல்ல வந்து நின்னா. லாயத்துக்குப் போறேன், கழுதயக் காணோம்! நடந்தே போறேன்னு கெளம்பினா, கால் வீங்கியிருந்துச்சு, ஊர் எல்லையக்கூடத் தாண்டல. திரும்பி வந்துட்டா. அடுத்த வாரம் போயிட்டா."

விமண்ட் எழுந்து நின்றுவிட்டார். "இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி? போயிருந்தா பொழச்சிருப்பாளா? அவ அக்கா ஊரும் காலியாத்தான் கெடக்காம். யாருக்குத் தெரியும்? ஆனா தெனம் நெனைக்கறேன்." ஹேமோ மூச்சு வாங்கினார். "அவர் திரும்பி வந்த அன்னைக்குக் கஞ்சி ஊத்தறப்ப, உப்புப் போடாமக் குடுத்துடலாமான்னு தோணுச்சு. அப்புறம் போட்டேன். தெனமும் போடறேன், தெனமும் எரியுது. நல்லவன்னு சொல்லாதீங்க. நான் ஒண்ணும் மன்னிக்கல."

"அப்புறம் என்னை மட்டும்…"

"மன்னிக்கறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ய்யா. இப்ப வந்து உக்காருங்க. கறி ஆறுது."

பின்கட்டு வாசலில் தண்ணீர்க் குடம் விழுந்து உடைந்தது. தர்ஸ்டன் அங்கேயே நின்றிருந்தார். சுவரில் கையை ஊன்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஹேமோ அவரைப் பார்த்தார். உடைந்த குடத்துண்டுகளைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

விமண்ட் வந்தார். கூடத்து மேடையில் ஏறி, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். தர்ஸ்டன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஃபுல்க் தன் சாட்சிகளிடம் ஏதோ கிசுகிசுத்தார். ஹேமோ தன் கையாலேயே தட்டைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தார், பிறகு சமையலறைக் கதவருகே போய் நின்றுகொண்டார்.

இளையவர் வெட்ட வேண்டும். தர்ஸ்டன் கத்தியை எடுத்தார். கை நடுக்கத்தில் கத்தி தட்டில் தடதடவென்று அடித்தது, கறியில் இறங்கவில்லை. மறுபடி முயன்றார். விமண்ட் கொஞ்ச நேரம் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியை அவர் கையிலிருந்து வாங்கினார். தொடையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, தர்ஸ்டன் பக்கமாக வைத்தார்.

"மூத்தவர் வெட்டறதா! இது வழக்கத்துக்கு விரோதம்" என்று ஃபுல்க் எழுந்தார்.

விமண்ட் லத்தீனில் பதில் சொன்னார். ஃபுல்க்குக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த எழுத்தர் மென்று விழுங்கி மொழிபெயர்த்தார்: "யாரு வெட்டணும்னு பத்திரத்துல இல்லையாம். ஒரே தட்டுன்னுதான் இருக்காம்."

ஃபுல்க் உட்கார்ந்தார். மேசையில் இருவரும் தின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, ஆனால் தின்றார்கள். ஹேமோவுக்கு அது போதும்.

கெய்ன்ஸில் கடைசிப் பதார்த்தம் வருவதற்கு முன் கொடையாளர் பெயர்களை வாசிப்பது வழக்கம். இருப்பவர்கள் இனிப்பைத் தொடுமுன் இறந்தவர்களை நினைக்க வேண்டுமாம். வாசிப்பதும் இளையவரின் வேலை. தர்ஸ்டன் எழுந்தார். மனப்பாடமாகத் தெரிந்த வரிசை. நிலம் கொடுத்த ஓஸ்பெர்ட். புத்தகங்கள் கொடுத்த ஒரு ஆயர். தேவாலயத்துக்கு மணி கொடுத்த விதவை ஒருத்தி. பிறகு பழைய வரிசையில் இல்லாத பெயர்கள்: நோயில் போன தலைவர், ஆசிரியர்கள், ஒவ்வொருவராக. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. எல்லாம் முடிந்தது என்று விமண்ட் தலை குனிந்தபோது தர்ஸ்டன் இன்னொரு பெயரும் சொன்னார். நீளமான லத்தீனின் நடுவில் அந்தப் பெயர் ஹேமோவின் காதில் தெளிவாக விழுந்தது.

ஆவிஸ், ஹேமோவின் மனைவி.

ஃபுல்க் விடவில்லை. "யாரது? வெளுக்கறவளா? இது கொடை குடுத்தவங்க பேரு வாசிக்கற எடம். இந்த வீட்டுக்கு அவ என்ன குடுத்தா?"

கூடத்தில் லத்தீன் மட்டும் பேச வேண்டும் என்பதைத் தர்ஸ்டன் மறந்தார். அல்லது மறக்கவில்லை, எல்லோருக்கும் புரியட்டும் என்று நினைத்தார்.

"ஒரு கோவேறு கழுத" என்றார். "அதுல ஏறித்தான் நான் உயிரோட இருக்கேன். நான் இருக்கறதாலதான் இன்னைக்கு இங்க ரெண்டு பேர் இருக்கோம்."

"ஆமென்" என்றார் விமண்ட், உரக்க.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சட்டப்படி நடந்தது. நோய்க்குத் தப்பிப் பிழைத்த பழைய மாணவர்களில் மூவரை இருவரும் சேர்ந்து ஆசிரியர்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். சாட்சிகள், வேறு வழியில்லாமல், சாட்சி சொன்னார்கள். கெய்ன்ஸ் கல்லூரி நின்றது. ஃபுல்க் இனிப்புக்குக் காத்திராமல் எழுந்து போனார்.

போனது நல்லதாயிற்று. ஹேமோ கதவருகே நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஜோர்டன் வந்து தோளை உலுக்கும்வரை அவருக்குப் புகை வாசனைகூடத் தெரியவில்லை.

"அண்ணே! அடுப்புல என்னமோ கருகுதுண்ணே!"

"தெரியும்" என்றார் ஹேமோ. தெரிந்திருக்கவில்லை. உள்ளே போய்க் கிண்ணத்தை எடுத்தார். அந்த வீட்டில் அவர் கைக்குக் கீழே அதுவரை எதுவும் கருகியதில்லை. இது மேலும் கீழும் கரியாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு எதாவது இருக்கிறதா என்று ஒரு நிமிடம் தேடினார். ஒன்றும் இல்லை. அதையே தட்டில் வைத்து எடுத்துப்போய் இருவருக்கும் நடுவில் வைத்தார்.

விமண்ட் தட்டைப் பார்த்தார், தர்ஸ்டனும் பார்த்தார். பிறகு ஆளுக்கொரு பக்கமாகக் கரியைச் சுரண்டித் தள்ளிவிட்டு, ஒன்றும் மிச்சம் வைக்காமல் தின்று முடித்தார்கள்.